தோளில் புதைத்த இருமல்

தி.நகரில் ஒரு சின்ன மருத்துவமனை. அம்மாவுக்குத் துணையாக நான்கு இரவுகள் அங்கே இருந்தேன். இரவு டியூட்டி சிஸ்டர், வருகிறவர்களிடம் "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பிறகு முகத்தைத் திருப்பித் தன் இருமலைத் தோளில் புதைத்துக்கொள்வார். மூன்றாம் இரவு கேட்டேவிட்டேன்: "உங்களுக்கு எத்தனை நாளாச்சு, சிஸ்டர்?"

"ஏசி ஒத்துக்கலை சார்." சற்றுப் பொறுத்துக் குரல் தாழ்ந்தது. "டெஸ்ட் எடுத்து டி.பி.ன்னு ஏதாவது வந்துட்டா டியூட்டி தர மாட்டாங்க. ஹாஸ்டலையும் காலி பண்ணணும்."

இந்தப் பதிலைச் சென்னையில் கேட்டதுதான் என்னை உறுத்துகிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அந்நாளில் காசநோய் என்றாலே தாம்பரம் சானடோரியம்தான். வீட்டைவிட்டு, ஊரைவிட்டு விலகிப் போக வேண்டும். மையத்தார் நெருக்கமான ஏழை வீடுகளில் வாழ்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே. ஓராண்டுக்கு இரு பகுதியினருக்கும் ஒரே மாதிரி மருந்து. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேலாக இருந்தும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த ஆய்வு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. நோயாளியை விலக்கிவைக்க வேண்டாம், மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் போதும் என்று உலகுக்குக் காட்டிய ஊர் இது.

இந்தியாவில் 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேரின் உடலில் காசநோய்க் கிருமி தங்கியிருக்கிறது என்கிறது 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் நோய் வராது. ஆகவே கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசி போட்ட இடம் தடித்துவிட்டால் நோய் என்று பொருளில்லை. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நோயே என்றாலும் பெரும்பாலும் ஆறு மாத மருந்து, அரசு இலவசமாகத் தருகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இவ்வளவும் சிஸ்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறைத்தார், ஏனென்றால் அவர் பயந்தது சம்பளம் போய்விடுமே என்றுதான். அந்தப் பயம் இருக்கும்வரை எந்தப் பரிசோதனை முகாம் வைத்தாலும் இருமலை விழுங்கிக்கொண்டுதான் வரிசையில் நிற்பார்கள். அந்த இருமல் வந்து சேரும் இடம் வார்டு. என் அம்மாவின் கட்டிலோரம்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் மருத்துவமனை நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் பரிசோதியுங்கள். ஆயாம்மா, எக்ஸ்ரே எடுப்பவர், ஒப்பந்தத்தில் தரை துடைப்பவர், ஒருவரையும் விடாதீர்கள். ஆனால் நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு, குணமானதும் அதே வேலை, அதே ஹாஸ்டல் அறை என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளை அவர்களிடம் முதலில் கொடுங்கள். சளி டப்பாவை அதன் பிறகு நீட்டுங்கள்.