தட்டுவது யார்?

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தட்டச்சு தெரிந்த எவரையும் சங்கடப்படுத்தும். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் அடிக்கும் ஆட்களிடம் எழுத்தே இல்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எந்த எழுத்து எங்கே என்று நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15-ஐத்தான் சரியான இடத்தில் வைக்க முடிந்தது. முன்பின் பழகாத டுவோராக் என்ற மாற்று விசை அமைப்பில் புதிதாகப் பயிற்சி பெற்றவர்களின் நிலையும் ஏறக்குறைய இதேதான். விரல்களுக்கு அத்துப்படியான விஷயம் விரல்களின் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

அப்படியானால் தட்டுவது யார்?

பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்ட்டி, 1945-இல் வந்த ‘புலனறிவின் நிகழ்வியல்’ நூலில் தட்டச்சாளரைத்தான் உதாரணம் காட்டினார். பழக்கம் மனத்தில் இருக்கும் வரைபடமும் அல்ல, உடலின் வெறும் அனிச்சையும் அல்ல. கைகளில் குடியிருக்கும் ஓர் அறிவு என்றார். பழகாத ஆர்கனில் வாசிக்க வந்த கலைஞரையும் அவர் பேசுகிறார். அந்தக் கலைஞர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார். ஒவ்வொரு கட்டையின் இடத்தையும் மனப்பாடம் செய்வதில்லை. கருவியின் அளவுக்குத் தன் உடலைப் பொருத்திக்கொள்கிறார், அவ்வளவுதான்.

மணிக்கட்டு வலிக்காக எர்கோனாமிக் கீபோர்டு வாங்கியவருக்கு ஒரு மணி நேரம் போதாது. இரண்டாகப் பிளந்த பலகையில் ‘பி’ (B) வழக்கமாக இடது பாதிக்குப் போய்விடும். இத்தனை வருடமும் அதை வலது ஆள்காட்டி விரலால் அடித்து வந்தவருக்கு, தனக்கு அப்படியொரு பழக்கம் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியவரும். விரல் போய் நடு இடைவெளியில், வெறும் மேசையில் குத்தும். கினிசிஸ் அட்வாண்டேஜ் பலகையில் ஸ்பேஸ் வலது கட்டைவிரலுக்கு, பேக்ஸ்பேஸ் இடது கட்டைவிரலுக்கு. இடது கட்டைவிரலால் ஸ்பேஸ் தட்டிப் பழகியவர் ஒவ்வொரு சொல்லையும் முடிக்கும்போது அதன் கடைசி எழுத்தை அழித்துக்கொண்டே போவார். எது எங்கே இருக்கிறது என்று மூளைக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் கேட்பதாக இல்லை.

சரி, பலகையையே கைக்கேற்ப மாற்றிவிடலாமே? மாற்றலாம். பலகைக்குள்ளேயே ஓடும் கியூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேரில் எந்த விசைக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். ‘ஏ’யைத் தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் என்று வைத்துக்கொள்வது பலருக்குப் பிடித்த ஏற்பாடு. எழுத்தா கட்டளையா என்பதைப் பலகை கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. யாரும் கை வைக்காதவரை அந்த எல்லை 200 மில்லிநொடி. அதற்குள் விரலை எடுத்தால் எழுத்து, தாண்டினால் கட்டளை. ‘ஏ’யும் ‘டபிள்யூ’வும் அடுத்தடுத்து வரும் சொல்லில், யோசனையாக ‘ஏ’ மேல் விரல் சற்றே தங்கிவிட்டால் போதும், பிரவுசரில் படித்துக்கொண்டிருந்த பக்கம் மூடிக்கொள்ளும்.

விரலின் நோக்கம் என்ன என்பதுதான் இங்கே கேள்வி. பிரிட்டிஷ் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோம் 1957-இல் எழுதிய ‘இன்டென்ஷன்’ நூல், செயலின் நோக்கத்தை ‘ஏன்?’ என்ற கேள்வியைக் கொண்டு அளக்கிறது. தான் என்ன செய்கிறோம் என்பதைச் செய்பவர் கவனித்துத் தெரிந்துகொள்வதில்லை, கவனிக்காமலே அறிந்திருக்கிறார் என்பது அவர் வாதம். பலகைக்கு ஏன் என்று கேட்கத் தெரியாது, எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் தெரியும். அந்த 200-ஐ 180 ஆக்குவதா, 250 ஆக்குவதா என்று செட்டிங்ஸ் பக்கம் கேட்கும்போது உரிமையாளர் முழிக்கிறார். தன் விரல் ஒரு விசையில் எவ்வளவு நேரம் தங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்ணை மாற்றி, அடித்துப் பார்த்து, தன் கையையே பிறத்தியார் கை போல வேவு பார்க்க வேண்டியதுதான். கையின் அறிவைச் சொல்லில் கொண்டுவர முடியாது என்பதில் மெர்லோ-போன்ட்டி பக்கமே நியாயம். ஆனால் அதை எண்ணாகக் கறக்க ஒரு வழி இருக்கிறது என்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கருவி கையை மாற்றினால் சிந்தனையையும் மாற்றுமா? 1882-இல் பார்வை மங்கிவந்த ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, ஜெனோவாவில் ‘எழுத்து உருண்டை’ என்ற தட்டச்சு இயந்திரத்தைப் பயன்படுத்தினார். கோபன்ஹேகனில் காது கேளாதோர் பள்ளியின் தலைவராக இருந்த பாதிரியார் ராஸ்மஸ் மாலிங்-ஹான்சன் உருவாக்கியது அது. அரைக்கோளத்தின் மேல் 52 விசைகள் முள்ளம்பன்றி போலக் குத்திட்டு நிற்கும்; உயிரெழுத்துகளில் பெரும்பாலானவை இடக்கைக்கு, மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கு. (1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பிலும் பெரும்பாலும் இதே பங்கீடுதான்.) எழுதுகருவிக்கும் நம் எண்ணங்களில் பங்குண்டு என்று நீட்சே தன் நண்பர் கோசலிட்ஸுக்கு எழுதினார். அதைப் பிடித்துக்கொண்ட ஜெர்மன் ஊடகக் கோட்பாட்டாளர் ஃப்ரீட்ரிக் கிட்லர், நீட்சேயின் நடையையே அந்த இயந்திரம் சுருக்கிவிட்டது என்று 1986-இல் வாதிட்டார். இது மிகை. நீட்சே 1878-லேயே துணுக்குத் துணுக்காக எழுதத் தொடங்கிவிட்டார். உருண்டையோடு அவர் குடித்தனம் நடத்தியதும் சில வாரங்கள்தான்.

நம் பலகைக்குத் திரும்பினால், செட்டிங்ஸில் தினம் ஓர் எண்ணை மாற்றுபவரின் கைக்கு எதையும் கற்க அவகாசம் கிடைப்பதில்லை. புதிதாக வாங்கியவர்கள் முதல் சில வாரம் செட்டிங்ஸைத் திறக்காமல் இருப்பது நல்லது. பிறகும் ஒரு நேரத்தில் ஒரு விசையை மட்டும் மாற்றுங்கள். மணிக்கட்டு வலி அதற்கும் மசியவில்லை என்றால், பலகையை நோண்டுவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.