தோற்கும் உரிமை

பல ஆண்டுகளாக நாம் மறையுரைகளில் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. வாசகர்களில் பலரும் அதைக் கேட்டிருப்பார்கள். அறிவுத்திறன் குறைபாடு உடைய ஒன்பது பேர் ஓட்டப் பந்தயத்திற்கு நிற்கிறார்கள். துப்பாக்கி ஒலிக்கிறது, ஓடுகிறார்கள். ஒரு சிறுவன் இடறி விழுந்து அழுகிறான். முன்னே ஓடிய எட்டுப் பேரும் நின்று, திரும்பி வந்து, அவனைத் தூக்கி நிறுத்தி, கைகோத்தபடி ஒன்றாய் நடந்து எல்லைக்கோட்டைக் கடக்கிறார்கள். "குறையுள்ளவர்கள் அவர்களா, நாமா?" என்று கேட்டு மறையுரையை முடிப்போம். கோவிலில் பலர் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொள்வார்கள். நம் சொல் பலித்தது என்று நாமும் நிறைவு கொள்வோம்.

இக்கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்ததாகச் சிலர் சொல்வர். நம் ஐதராபாத்தில் நடந்ததாகச் சொல்வோரும் உண்டு. உண்மையில் நடந்ததாக வாஷிங்டன் மாநிலப் போட்டி அமைப்பாளர்கள் பின்னர் தெரிவித்தது வேறு. 1976-இல் அம்மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் நடந்த ஓட்டத்தில் ஒருவர் விழுந்தார். ஓரிருவர் திரும்பி வந்து அவருக்கு உதவி, அவரோடு சேர்ந்து எல்லையைக் கடந்தனர். மற்றவர்கள் தங்கள் ஓட்டத்தை ஓடி முடித்தார்கள். அவ்வளவுதான்.

திரும்பி வந்த அந்த ஓரிருவரின் செயல் அன்பின் செயல், அதில் ஐயமில்லை. நம்மை உறுத்துவது வேறொரு கேள்வி. ஓடி முடித்த மற்றவர்களை நாம் ஏன் கதையிலிருந்து நீக்கினோம்? நாள்தோறும் பயிற்சி செய்து, வெல்ல வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஆசையில் என்ன குற்றம் கண்டோம்?

இக்கேள்வியை நமக்குள் எழுப்பியவன் ஒரு சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கை அடுத்திருந்த சிறப்புப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவிற்குப் பரிசு வழங்க அழைத்திருந்தார்கள். ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்த சிறுவன் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். நாம் அருகில் சென்று தோளைத் தட்டி, "நீயும் முதல் பரிசுதான், எல்லாரும் முதல் பரிசுதான்" என்றோம். அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். நான்கு விரல்களை விரித்துக் காட்டி, "நாலு" என்றான். பின்பு முகத்தைத் திருப்பிக் கொண்டான். அவனுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியை மெல்லச் சொன்னார்: "சாமி, அவனுக்கு எண்ணத் தெரியும். நாலு வரைக்கும் எண்ணக் கத்துக்க அவனுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அவன்கிட்ட பொய் சொல்லாதீங்க."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆறுதல் சொல்வதாக எண்ணி, அவன் அரும்பாடுபட்டுக் கற்ற எண்ணிக்கையையே நாம் பொய்யாக்கப் பார்த்தோம்.

இங்கே நியாயமான தடை ஒன்று எழலாம். வாழ்க்கை முழுவதும் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் திடலிலும் நிறுத்தி, 'நீ பின்தங்கினாய்' என்று மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டுமா? போட்டியே இல்லாமல் அவர்களை மகிழ்ந்து விளையாட விடலாகாதா? இரக்கத்திலிருந்து பிறக்கும் கேள்வி இது. இதற்கு விடை காண, இவ்விளையாட்டு இயக்கம் பிறந்த வரலாற்றைச் சற்றே பார்ப்பது நல்லது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராய் இருந்த ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி 1918-இல் பிறந்தவர். அறிவுத்திறன் குறைபாடு உடையவர். 1941-இல் அவருக்குச் செய்யப்பட்ட மூளை அறுவைச் சிகிச்சை அவரைப் பேசவும் நடக்கவும் இயலாத நிலைக்குத் தள்ளியது. பின்னர் விஸ்கான்சின் மாநிலத்துக் கத்தோலிக்க இல்லமொன்றில் பல்லாண்டுகள் வாழ்ந்து, 2005-இல் மறைந்தார். புகழ் வாய்ந்த அக்குடும்பமும் நெடுங்காலம் அவரைப் பற்றி வெளியே பேசாதிருந்தது. நம் ஊர்களில் விருந்தினர் வந்ததும் உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளை நாம் அறிவோம்; செல்வமும் கல்வியும் மிகுந்த வீட்டிலும் அந்த உள்ளறை இருந்தது.

அவருடைய தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அக்கதவைத் திறந்தார். 1962-இல் மேரிலாந்து மாநிலத்தில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்குக் கோடைகால விளையாட்டு முகாம் நடத்தினார். அதே ஆண்டில் தம் அக்காவைப் பற்றி இதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். 1968 ஜூலை 20 அன்று சிகாகோ நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்ற முதல் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்' நடைபெற்றது. அந்த விதை இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ளது. 2019-இல் அபுதாபியில் நடந்த உலகப் போட்டிகளில் நம் நாட்டு வீரர்கள் 85 தங்கம் உட்பட 368 பதக்கங்கள் பெற்றனர்.

பதக்கங்களைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது அப்போட்டிகளின் ஒழுங்குமுறை. முதலில் தகுதிச் சுற்று நடத்தி ஒவ்வொருவரின் ஆற்றலையும் அளக்கிறார்கள். பிறகு வயது, பாலினம், ஆற்றல் ஆகியவற்றில் ஒத்தவர்களை ஒரு குழுவாக்குகிறார்கள். ஒரே குழுவில் மிக வேகமானவருக்கும் மிக மெதுவானவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ 15 விழுக்காட்டிற்குள் இருப்பது நலம் என்பது வழிகாட்டுதல். ஆகவே அங்கே தோற்பவர், தாம் எட்டவே முடியாத ஒருவரிடம் தோற்பதில்லை. அடுத்த முறை வெல்லக்கூடிய ஒருவரிடமே தோற்கிறார். முதல் மூவருக்குப் பதக்கமும், நான்கு முதல் எட்டு வரை வந்தவர்களுக்கு நாடாவும் உண்டு. எல்லாரும் மேடையேறுகிறார்கள், ஆனால் யாரும் யாரிடமும் 'எல்லாரும் முதல்' என்று சொல்வதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. எளிய குழுவில் இடம் பிடிப்பதற்காகத் தகுதிச் சுற்றில் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால், அவர் போட்டியிலிருந்து நீக்கப்படலாம். இதைக் கேட்டு முதலில் நாம் வியந்தோம். இப்பிள்ளைகளுக்குமா இவ்வளவு கண்டிப்பு? பிறகுதான் அதன் உட்பொருள் விளங்கிற்று. ஏமாற்றக் கூடும் என்று கருதப்படுபவரைத்தான் நேர்மையானவர் என்று பாராட்டவும் முடியும். தவறே செய்ய இயலாத 'கள்ளமறியாக் குழந்தை' என்று ஒருவரை நாற்பது வயதிலும் அழைத்துக் கொண்டிருந்தால், அவருடைய நற்செயலும் அவருடையதாகாது. நம் பழைய கதையின் குறை இதுவே. அதில் வரும் ஒன்பது பேரும் வானதூதர்கள், மனிதர்கள் அல்லர்.

ஏமாற்று வேலையில் 'அறிவுள்ளவர்கள்' சளைத்தவர்கள் அல்லர் என்பதற்கும் சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக் போட்டிகளில், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பின்னர் வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் தண்டனை குற்றம் செய்தவர்களோடு நிற்கவில்லை. உண்மையாகவே குறைபாடு உடைய வீரர்கள் 2012 இலண்டன் போட்டிகள் வரை பாராலிம்பிக் பதக்கப் பந்தயங்களுக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தது. நலமுள்ளவர்களின் பொய்க்கு நலிந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

விளையாட்டினால் இவர்களுக்கு விளையும் நன்மைகள் பல. டவுன் நோய்க்குறி உடையோருக்குத் தசைகள் தளர்ந்திருப்பதும் உடல் எடை கூடுவதும் இயல்பு. முறையான பயிற்சி இவ்விரண்டிற்கும் துணை செய்யும். மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்குவதே அறிவுடைமை; அவர்களுள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு உறுதி குறைந்திருக்கும். 1997 முதல் போட்டிகளோடு சேர்த்து மருத்துவச் சோதனைகளும் நடத்துகிறார்கள். தன் வலியை எடுத்துச் சொல்லத் தெரியாத பிள்ளையின் சொத்தைப் பல்லும் மங்கிய பார்வையும் செவிக்குறையும் அங்கே கண்டறியப்படுகின்றன. வரிசையில் நிற்கவும், முறை வரும்வரை பொறுக்கவும், தனியே பேருந்தில் ஏறவும் பலர் திடலின் வழியாகவே கற்கிறார்கள்.

ஆயினும் இந்நன்மைகளுக்காக மட்டுமே விளையாட்டு என்றால், அதையும் நாம் மருந்துப் புட்டிகளின் வரிசையில் வைத்துவிடுகிறோம். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டிலும் நற்பண்பு உண்டா என்று கேட்டு, உண்டு என விடை தருகிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும். அதுபோல உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்பது அவர் கருத்து. வேறோரிடத்தில், விளையாட்டு தனக்கு அப்பாற்பட்ட பயனை நாடாமல் தன்னிலேயே இன்பம் தருவதால், ஞானத்தைத் தியானிப்பதற்கே அதை ஒப்பிடுகிறார். அப்படியானால் ஒரு பிள்ளைக்கு விளையாட்டை மறுப்பது, மனிதருக்கே உரிய ஒரு மகிழ்ச்சியை மறுப்பதாகும். உங்கள் வீட்டுப் பிள்ளை மாலையில் பந்தோடு வெளியே ஓடும்போது, 'இதனால் உனக்கு என்ன பயன்?' என்று யார் கேட்கிறார்கள்?

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பந்தயத் திடலை நினைவூட்டுகிறார். ஓடுவோர் பலர், பரிசு பெறுபவர் ஒருவர். ஆகவே பெறும் வண்ணம் ஓடுங்கள் என்பது அவர் அறிவுரை. விளையாட்டு விழாக்களுக்குப் பெயர் பெற்ற நகரத்தாருக்கு அவர் அப்படி எழுதினார். முழு முயற்சியோடு ஓடுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. அந்த அழைப்பிலிருந்து நம் பிள்ளைகளில் சிலரை மட்டும் நாம் விலக்கி வைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்?

நம் பங்குத் திருவிழாக்களில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. அன்று இப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? தாயின் மடியருகே பார்வையாளராய் இருக்கிறார்கள். அல்லது வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கென ஆற்றல் அறிந்து பிரித்த ஓட்டம் ஒன்றை நடத்துவது நம் இளைஞர் குழுவிற்கு இயலாத செயலன்று. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் முறை 1989 முதலே வழக்கில் உள்ளது; அதையும் முயலலாம். ஒன்று மட்டும் வேண்டுகிறோம்: இரக்கப் பரிசு என்று தட்டும் தம்ளரும் வாங்கி வைக்காதீர்கள். நேரத்தை அளந்து, வரிசையைச் சரியாக எழுதி, பெயரை ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அந்த ஒன்பது பேர் கதையை நாம் இப்போது சொல்வதில்லை. அச்சிறுவன் வளர்ந்து இளைஞனாகிவிட்டான். அடுத்த ஆண்டில் மீண்டும் நான்காவதாகவே வந்தான். அதற்கடுத்த ஆண்டில் மூன்றாவதாக வந்தான். வெண்கலப் பதக்கத்தை அவன் கழுத்தில் இட்டபோது நாம் வாய் திறக்கவில்லை. அவனே மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினான். நாமும் மூன்று விரல்களை உயர்த்தினோம். அப்போதுதான் நம்மை மன்னித்தவனாய்ச் சிரித்தான்.