வேலையில்லாதவன் பாவியா?



வேலை பறிபோன ஒரு சகோதரன் சபைக்கு வந்தால், நம்மில் சிலர் ஜெபிப்பதற்கு முன்னே காரணம் தேடுகிறோம். "தசமபாகம் ஒழுங்கா குடுத்திருக்க மாட்டார்", "ஏதோ மறைவான பாவம் இருக்கும்", "உழைக்க மனசில்ல" என்று பேசிக்கொள்கிறோம். அவரும் மெல்ல மெல்ல கடைசி வரிசைக்குப் போய், ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார். இதைக் குறித்துக் கர்த்தர் என் உள்ளத்தில் வைத்த பாரத்தை எழுதுகிறேன்.

சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1929 அக்டோபரில் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்தது. 1933-ல் அந்த தேசத்தில் உழைப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. ஒரு கோடிக்கும் அதிகமான ஜனங்கள்! நாலே வருஷத்தில் இத்தனை பேரும் சோம்பேறியாகிவிட்டார்களா? இல்லவே இல்லை.

நடந்தது என்ன? அநேகர் பேராசையால் கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தார்கள். விலை விழுந்ததும் கடன் மட்டும் மிஞ்சிற்று. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூழ்கின. பயந்த ஜனங்கள் செலவைச் சுருக்கினார்கள். சரக்கு தேங்கியது, ஆலைகள் ஆட்களை நிறுத்தின. நின்றவர்கள் கையில் காசில்லை. ஆகவே அடுத்த ஆலையும் மூடிற்று. 1930-ல் அரசாங்கம் இறக்குமதி வரியை உயர்த்த, மற்ற தேசங்களும் பதிலுக்கு உயர்த்தின. வியாபாரம் இன்னும் சுருங்கிற்று. விலை போகாத சோளத்தை விறகாக எரித்த விவசாயிகளும் உண்டு; அதே நாட்களில் பட்டணத்தில் இலவச சூப்புக்கு நீண்ட வரிசை!

இதிலே ஒரு ஆழமான காரியம் இருக்கிறது. சிக்கனம் நல்ல குணம்தான். ஒரு குடும்பம் கையை இறுக்கினால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் தேசமே ஒரே நேரத்தில் கையை இறுக்கினால்? ஒருவர் செய்யும் செலவுதானே இன்னொருவருக்குச் சம்பளம்! அப்படியானால், தன் பேரில் ஒரு குற்றமும் இல்லாமலே ஒரு மனுஷன் வேலை இழக்கக்கூடும். பேராசைப்பட்டவன் ஒருவன், பட்டினி கிடப்பவன் வேறொருவன்.

"அப்போ சோம்பேறியே கிடையாதா, பிரதர்?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அவன் நல்ல காலத்திலும் உண்டு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிக் கண்டித்தது வேலை செய்ய மனதில்லாதவனை. வேலை கிடைக்காதவனை அல்ல. மத்தேயு 20-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொழுது சாயும்வரை சிலர் சந்தைவெளியில் நிற்கிறார்கள். தங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். எஜமான் அதை நம்பினார். விசாரணை வைக்கவில்லை. வேலை கொடுத்தார், முழு நாள் கூலியும் கொடுத்தார். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், நம் ஆண்டவர் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொள்ளவில்லையே!

பிரியமானவர்களே, தேசத்தின் பொருளாதாரத்தை நிமிர்த்துவது நம் கையில் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவர் பக்கத்தில் போய் உட்காருவது நம் கையில் இருக்கிறது. "ஏன் வேலை போச்சு?" என்று கேட்காதீர்கள். "என்ன வேலை தெரியும், பிரதர்?" என்று கேளுங்கள். ஆள் தேவைப்படும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். அவர் வீட்டு அரிசிப் பானையை விசாரியுங்கள். கடை, பட்டறை நடத்துகிற சகோதரரே, வியாபாரம் மந்தமானால் ஆளை நிறுத்துமுன் ஒருநாள் உபவாசித்து ஜெபியுங்கள். கூலியை மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.

குற்றம் தேடுகிற கண்ணை எடுத்து, மனதுருகுகிற இருதயத்தைக் கர்த்தர் நம் சபைக்குத் தருவாராக. ஆமென். அல்லேலூயா!