அந்தச் சாம்பல் யார் கணக்கில்?

36 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எத்தனையோ வீடுகளின் சொத்து என் கையெழுத்தில் கை மாறியிருக்கிறது. பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை ஓதும்போதெல்லாம் அது எனக்கென்றே இறங்கியதுபோல் இருக்கும். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. அல்லாஹ் கற்றுத்தந்தபடி எழுத எழுத்தர் மறுக்கக் கூடாது என்கிறது.

எழுத மறுத்து, கடைசியில் எழுதியதையே எரித்தும்விட்ட ஒருவர் என் மனதை விட்டுப் போனதே இல்லை. அபூ ஹய்யான் தவ்ஹீதி. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் அவர் வர்ராக். அதாவது கூலிக்கு நூல்களைப் படியெடுப்பவர். பீடை பிடித்த தொழில் என்று அதை அவரே நொந்திருக்கிறார். அதிலிருந்து தப்பிக்க ரய் நகருக்குப் போய், புவைஹி அரசின் அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாதிடம் சேர்ந்தார். தம் நூலகத்தைச் சுமக்கவே 400 ஒட்டகம் வேண்டும் என்று சொன்னதாகப் பேர்பெற்ற அமைச்சர் அவர். தம்முடைய கடிதங்கள் 30 தொகுதியையும் படியெடுக்கச் சொன்னார். சிறந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தருகிறேனே என்றார் தவ்ஹீதி. அமைச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடம் இருந்தும் ஒரு திர்ஹம்கூடப் பெறாமல் திரும்பினார்.

முதுமையில் தம் நூல்களைத் தீயிலிட்டார். ஏன் என்று ஒரு காழி கடிந்துகொள்ள, ஹிஜ்ரி 400 ரமழானில் பதில் எழுதினார். தாவூது தாயீ தம் நூல்களைத் தண்ணீரில் வீசினார், அபூ ஸுலைமான் தாரானீ அடுப்பிலிட்டார் என்று பெரியவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். என்னைத் தாக்கியது அதுவல்ல. பசிக்கு வெட்டவெளியில் கீரை பறித்துத் தின்றதையும், பிறரிடம் கையேந்தியதையும் சொல்லும் இடம்தான்.

அறிவு அமானிதம், அதை மறைப்பவன் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் அவர் குற்றவாளி. நானும் நெடுநாள் அப்படியே நினைத்திருந்தேன்.

ஒருமுறை ஒரு பாகப்பிரிவினைக்கு விடிய விடிய எழுதினேன். கூலி கேட்டபோது, நாலு வரி எழுதினதுக்கா என்றார்கள். அன்று சுபுஹுக்குப் பின் அந்த வசனத்தை முடிவுவரை நிதானமாக ஓதினேன். எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று அங்கே இருக்கிறது. (எழுத்தர் பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்றும் அந்த அரபுச் சொல்லுக்குப் பொருளுண்டு, உரைகாரர்கள் இரண்டையும் சொல்கிறார்கள்.) எழுத மறுக்காதே என்ற கட்டளையும் எழுதுகிறவனை வதைக்காதே என்ற கட்டளையும் ஒரே வசனத்தில். முதலாவதைத்தான் எல்லாரும் எங்களுக்கு நினைவூட்டுகிறார்கள்.

தவ்ஹீதியின் நூல்கள் சில இன்றும் இருக்கின்றன. எரிப்பதற்கு முன்பே பிறர் படியெடுத்துச் சென்றவையாக அவை இருக்கலாம் என்பது ஸுயூத்தி இமாமின் கருத்து. எரிந்துபோனவற்றைப் பற்றிய கேள்வி மறுமையில் முதலில் ரய் நகரத்து அமைச்சரிடம்தான் கேட்கப்படும் என்று நான் நம்புகிறேன்.