கடைசிப் பிரதியும் உரிமையும்
லாரல்–ஹார்டி நடித்த 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' 1927-இல் ஹால் ரோச் நிறுவனம் தயாரித்த இரண்டு ரீல் மௌனப் படம். ஒரு தெருவே கிரீம் 'பை' பலகாரங்களை மாறிமாறி வீசிக்கொள்ளும் அதன் இரண்டாம் ரீல், 1957-இல் ராபர்ட் யங்சனின் தொகுப்புப் படத்தில் சேர்ந்த பகுதிகள் நீங்கலாக, நெடுங்காலம் தொலைந்திருந்தது. 2015-இல் ஒரு சேகரிப்பாளரிடம் 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தது.

அவரிடம் இருந்தது படமா, படத்தின் ஓர் உடலா? ஓவியத்துக்கு மூலம் ஒன்றுதான். திரைப்படமோ பலவாகவே பிறக்கிறது. நூறு பிரதிகள் இருந்தபோது எவரும் பொருட்படுத்தாத சுருள், மற்றவை அழிந்ததும் புதையலாகிறது. அதற்குள் இருக்கும் காட்சி சற்றும் மாறவில்லை. ஆகவே அரிதென்னும் மதிப்பு பொருளின் குணமன்று, இழப்பின் அளவு. ஆயினும் சேகரிப்பாளரின் பற்றைக் குறைகூறுவது நியாயமன்று. ஸ்டூடியோக்கள் கைவிட்ட பலவற்றை அந்தப் பற்றே காத்தது. ஆனால் கூட்டம் சேர்ந்து சிரிப்பதற்கென எடுத்த படம் பெட்டிக்குள் முழுமை பெறுவதில்லை. காத்தவருக்கு அதைக் காட்டும் கடமையும் உண்டு.

இந்த லாரல்–ஹார்டி படத்தில் காப்பீட்டு முகவர் வரும் காட்சி இன்னும் கிடைக்கவில்லை. மீட்கப்பட்ட வடிவத்தில் நிழற்படங்களும் எழுத்தட்டைகளும் அந்த இடத்தை நிரப்புகின்றன.