துளையிட்ட சிறு வளையம்

எங்கள் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி இயந்திரப் பொறியியல் படித்து முடித்தாள். கவச வாகனங்கள் செய்யும் தொழிற்சாலையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவள் தாய் என்னிடம் வந்து, “சாமி, உயிரைச் சுமக்கிற பொம்பளப் பிள்ளை, உயிரை எடுக்கிற சாமானைச் செய்யலாமா?” என்று கேட்டார். அதில் இரு கேள்விகள் பின்னிக் கிடந்தன. பெண்ணுக்குத் தகுமா என்பது ஒன்று. எவருக்கேனும் தகுமா என்பது மற்றொன்று.

முதற்கேள்வியை விரைவில் முடித்துவிடலாம். ஆயுதம் செய்வது பாவமெனில் ஆணுக்கும் அது பாவமே. மனச்சான்றில் ஆண், பெண் என்ற பேதமில்லை. அப்பொறுப்பை ஆண்மக்களிடம் தள்ளிவிட்டுப் பெண்மையின் தூய்மையைப் போற்றுவது நமக்கு வசதியான ஏற்பாடு, அவ்வளவே.

இரண்டாவது அத்துணை எளிதன்று. பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் ஆங்கிலப் பெண்மணி என் நினைவுக்கு வருகிறார். 1909-இல் பிறந்த இவர் மான்செஸ்டரில் மின்பொறியியலும் இயந்திரப் பொறியியலும் கற்று, 1936-இல் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். மோட்டார் சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டிப் பரிசு பெற்றவர் என்பதை நம் தாய்மார்கள் பொறுத்தருள்க.

1940-இல் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. விமானி மூக்கைச் சட்டெனத் தாழ்த்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் மேலெழும்பும். இயந்திரம் முதலில் திணறும், பின் மிதமிஞ்சிப் பாயும் எரிபொருளால் மூச்சடைத்துப்போகும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஸ்மிட்டில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் இக்குறை இல்லை. அது தலைகீழாகப் பாய்ந்து தப்பிவிடும். ஷில்லிங் கண்ட தீர்வு, துளையிட்ட சிறு உலோக வளையம். இயந்திரத்தின் உச்சத் தேவை எவ்வளவோ அவ்வளவு எரிபொருளே அதன் வழி செல்லும். விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே பொருத்தலாம். 1941-இன் தொடக்கத்தில் அவரே விமானத் தளங்களுக்குச் சென்று அதைப் பொருத்த உதவினார்.

அவ்வளையம் விமானியின் உயிரைக் காத்ததா, அவனைத் திறம்படச் சுடவல்லவனாக்கியதா? இரண்டையும் செய்தது. தீமைக்கு மனம் இசைந்து ஒத்துழைப்பது வேறு, செயலளவில் மட்டும் ஒத்துழைப்பது வேறு என்று குருமடத்தில் படித்தோம். தேர்வுத் தாளில் பிரித்தெழுதுவது எளிதாயிருந்தது. ஆனால், இலண்டனைக் காத்த அதே மெர்லின்தான் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களையும் இயக்கியது; 1945 பெப்ருவரியில் டிரெஸ்டன் நகரம் அவற்றின் குண்டுகளால் எரிந்தது. எவ்வழி போகிறோம் என்பதை இயந்திரம் அறியாது. அதைச் செய்தவர் அறிய வேண்டாமா?

1965-இல் வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, நாட்டைக் காக்கும் படைவீரரை மக்களின் பாதுகாப்புக்குப் பணிபுரிவோர் என்கிறது. நகரங்களைப் பாகுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்கிறது. ஆயுதப் போட்டி ஏழைகளை வதைக்கிறது என்றும் சொல்கிறது. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதி தேடுவோரை நான் கண்டிருக்கிறேன்; நானும் சில வேளை அப்படித்தான்.

அப்பெண்ணை அழைத்துப் பேசினேன். போ என்றோ, போகாதே என்றோ சொல்லவில்லை. “நான் செய்கிற வண்டி எங்கே போகுது, யார் மேலே ஏறுதுன்னு அங்கே கேட்கலாமா சாமி?” என்றாள். கேட்கலாம், கேட்டால் பதவி உயர்வு தாமதமாகலாம் என்றேன். சிரித்தாள். அடுத்த மாதம் வேலையில் சேர்ந்துவிட்டாள். தாய்க்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. ஞாயிறுதோறும் கோவில் வாசலில் என்னைப் பார்த்தபடி சற்று நின்றுவிட்டுத்தான் போகிறார்.