மிச்சத்தில் கொடுப்பது தானமாகுமா?

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம் குன்னூரில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். வெயில் வந்ததும் வாசலில் நாற்காலி போட்டு, ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடுவார். காலடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் விதவிதமான கம்பளி நூல் உருண்டைகள். மறைந்த கணவரின் ஸ்வெட்டரில் மிஞ்சிய பழுப்பு, பேரனின் குல்லாயில் மிஞ்சிய நீலம், மகளின் சால்வையில் மிஞ்சிய ரோஸ்... எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட இல்லாத உருண்டைகளும் உண்டு.

அவற்றைக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் எட்டு வயது மகளுக்கு, முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்கு இது பிடிக்கவில்லை. ''ஏம்மா, நமக்கு மிஞ்சினதையா அந்தக் குழந்தைக்குக் கொடுக்கறது? கழிச்சதைத் தானம் பண்ணக் கூடாதுன்னு நீதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே?'' என்று கேட்டுவிட்டார்.

பாட்டியின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்து, ''நீங்க சொல்லுங்கோ, இது தப்பா?'' என்றார்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. மகள் கேட்டது சாதாரணக் கேள்வி அல்லவே! கடோபநிஷதமே இந்தக் கேள்வியில்தானே தொடங்குகிறது? தந்தை வேள்வி செய்து பசுக்களைத் தானம் கொடுக்கிறார். சிறுவன் நசிகேதன் அந்தப் பசுக்களைப் பார்க்கிறான். எல்லாம் பால் வற்றியவை. இனி கன்று ஈனாதவை. இப்படிக் கொடுப்பவருக்கு என்ன கதி கிடைக்கும் என்று அந்தப் பிஞ்சு மனம் கலங்குகிறது.

நம் காலத்திலும் பார்த்தோம். 2004-ம் வருடம் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணிகள் போய் இறங்கின. கடலை நம்பி, கௌரவமாக வாழ்ந்த மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். துணிகள் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. கொடுத்தவர்களுக்கு வீட்டில் இடம் காலியானது. வாங்க வேண்டியவர்களுக்கு மனசு வலித்தது.

அப்படியென்றால், மிச்சம் என்றாலே தள்ளுபடிதானா?

பௌத்தர்களின் விநய பிடகத்தில் ஒரு கதை உண்டு. கௌசாம்பி அரசன் உதயணனின் அந்தப்புரப் பெண்கள், புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 துவராடைகள் கொடுத்தார்கள். துறவிக்கு இத்தனை எதற்கு என்று அரசனுக்குச் சந்தேகம். 'ஆடை நைந்துபோன பிட்சுகளுக்குப் பங்கிடுவோம்' என்றார் ஆனந்தர். பழைய ஆடைகளை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய உறை? தரை விரிப்பாகும். அதன் பிறகு கால் துடைக்க, பிறகு தூசி தட்ட. அதுவும் நைந்தால், கிழித்து, சேற்றோடு பிசைந்து தரை பூசுவோம்! மகிழ்ந்துபோன அரசன், மேலும் 500 ஆடைகள் கொடுத்தானாம்.

அந்தப் பசுக்களும் பழசுதான். இந்தத் துணிகளும் பழசுதான். ஆனால், பசுவைக் கொடுத்தவர் தன் பாரத்தை இறக்கி வைத்தார். ஆனந்தரோ, 'இது இனி யாருக்கு, எதற்கு நிஜமாகவே உதவும்?' என்று படிக்குப் படி யோசித்தார்.

பாட்டியின் வேலையைக் கவனித்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. மிச்ச நூலில் பின்னுவது, புது நூலில் பின்னுவதைவிடச் சிரமம். நூல்களின் கனம் ஒத்துப் போக வேண்டும். மெல்லிய நூலை இரண்டு இழையாகச் சேர்க்க வேண்டும். சிவப்புச் சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளும் ஒன்றுபோல் அமைய, நூலை முன்கூட்டியே சரிபாதியாகப் பிரித்து வைக்க வேண்டும். நிறம் மாறும் இடத்தில் எல்லாம் நுனியை நான்கு விரற்கடை விட்டு, உள்பக்கமாகக் கோத்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால், நாலு நாளில் பிரிந்துவிடும். நூல் மிச்சமாக இருக்கலாம், உழைப்பு மிச்சமல்ல!

இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் முழுத் திருப்தி அடையவில்லை. ''எல்லாம் சரி... அவளுக்குப் பிடிக்கணுமே!'' என்றார்.

மறுநாள் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, உருண்டைகளைப் பாயில் பரப்பினார். ''எதுக்குப் பக்கத்துல எது வரணும், நீயே வை'' என்றார். குழந்தை பச்சைக்குப் பக்கத்தில் ரோஸை வைத்தது, அடுத்து நீலம். பழுப்பை மட்டும் தனியாக ஒதுக்கி, ''இது வேணாம் பாட்டி'' என்றது.

கணவரின் நூல்! பாட்டி ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் போட்டார். பின்னியிருந்த கொஞ்சத்தையும் பிரித்துவிட்டு, குழந்தை வைத்த வரிசையில் புதிதாகத் தொடங்கினார்.

தனக்குப் பிரியமானதைக் கொடுப்பது உயர்வுதான். ஆனால், வாங்குபவர் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் கொடுப்பது அதைவிட உயர்வு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கழுத்துக்கும் ஓரங்களுக்கும் ஒரே நிறம் வந்தால்தான் எல்லாம் ஒட்டி நிற்கும். அந்த அளவுக்கு டப்பாவில் எதுவும் இல்லை. அன்று மாலை கடைக்குப் போய், புது மெரூன் நூலும் ஆறு பொத்தான்களும் வாங்கி வந்தது யார் தெரியுமா?

கேள்வி கேட்ட அந்த மகள்தான்.

நாமும் பீரோவைத் திறந்து, யாருக்காவது கொடுக்கத் துணி எடுக்கிறோம். எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: இதை இறக்கி வைக்கிறோமா, கொடுக்கிறோமா?